ஹீட்டரை மாற்றலாமா, சரிசெய்யலாமா?

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் அடுக்குமாடிக் குடியிருப்பு. 15 லிட்டர் ஹீட்டர், மாட்டி ஏழு வருடம். குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். முன்போலச் சூடாவதில்லை, உள்ளே சடசடவென்று சத்தம் கேட்கிறது, கீழே வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, புதிதே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், "ஈரக்கையோடு குழாயைத் தொட்டால் எப்போதாவது லேசாகச் சுர்ரென்று இருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் அந்தக் கடைசி வரியில்தான் ஆரம்பிக்க வேண்டும். மற்ற மூன்றும் பத்து நாள் பொறுக்கும். இது ஒரு நாள்கூடப் பொறுக்காது.

முதலில் எழுந்துபோய் ஹீட்டருக்கான எம்.சி.பி.யை, அதாவது மெயின் போர்டில் ஹீட்டர் லைனுக்கென்று இருக்கும் பிரேக்கரை, இறக்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. சில வீடுகளில் சுவிட்சைக் கரண்ட் வரும் வயரில் (ஃபேஸ்) போடாமல், திரும்பிப் போகும் வயரில் (நியூட்ரல்) போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் சுவிட்சை அணைத்தபிறகும் ஹீட்டருக்குள் கரண்ட் நின்றுகொண்டேதான் இருக்கும். லைட் அணைந்துவிட்டதே என்று நாம் நம்பிக் குளிப்போம்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், தண்ணீரைச் சூடாக்கும் காயில் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் உங்களுக்கே புரியும். வெளியே செம்பு அல்லது வேறு உலோகத்தில் ஒரு குழாய். அதன் நடுவில் மெல்லிய சுருள் கம்பி. கரண்ட் ஓடுவது அதில்தான். இரண்டும் ஒட்டாமல் இருக்க நடுவில் வெள்ளையாக மெக்னீசியம் ஆக்சைடு பொடியை இறுக்கி நிரப்பியிருப்பார்கள். வெளிக்குழாயில் மயிரிழை அளவு விரிசல் விட்டால் போதும், தண்ணீர் உள்ளே போய்ப் பொடி நனைந்துவிடும். நனைந்த பொடி கரண்டை வெளியே விடும். அது ஹீட்டர் தண்ணீரிலும் டேங்க் உடம்பிலும் ஏறும். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட நன்றாகவே கரண்டைக் கடத்தும்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். எர்த் ஒழுங்காக இருந்து, கரண்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேலை செய்தால், கசிவு உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே டிரிப் ஆகியிருக்க வேண்டும். உங்களுக்குச் சுர்ரென்று தெரிகிறது என்றால், பெரும்பாலும் கெட்டிருப்பது இரண்டு: காயில் ஒன்று, உங்களைக் காப்பாற்ற வேண்டிய எர்த்தோ ஆர்.சி.சி.பி.யோ இன்னொன்று. காயிலை மட்டும் மாற்றிவிட்டுப் போகிற ஆளிடம், "எர்த்தை அளந்து காட்டுங்க" என்று கேட்டு வாங்குங்கள். சில இடத்தில் பிளக்கில் மூன்று பின்னும் இருக்கும், சாக்கெட்டின் எர்த் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. கசிவு ஹீட்டரில்தானா, வாஷிங் மெஷினிலோ மோட்டாரிலோ இருக்கிறதா என்பதையும் அவர் மீட்டர் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் குழாயைத் தொட்டுத் தொட்டுச் சோதிக்க வேண்டாம், டெஸ்டர் எரியவில்லை என்பதையும் நம்ப வேண்டாம்.

"ஹீட்டர் போட்டால் எப்பப் பார்த்தாலும் டிரிப் ஆகுது" என்று சலித்துக்கொண்டு ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிட்ட வீடுகளும் இருக்கின்றன. அது டிரிப் ஆவதுதான் கரண்ட் கசிகிறது என்பதற்கு ஹீட்டர் காட்டும் மிகத் தெளிவான அடையாளம். அதைக் கழற்றியபிறகு அந்த வேலையைக் குளிக்கிறவரின் உடம்பு செய்ய வேண்டியிருக்கும்.

சரி, இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

சடசட சத்தம் உப்பால் வருவது. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்புக் குறைவான சிறுவாணி அணைத் தண்ணீர் வரும் வீட்டில் ஹீட்டர் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும். அதே ஹீட்டரை ஊருக்கு வெளியே போர் தண்ணீரில் மாட்டினால் இரண்டு மூன்று வருடத்தில் பேச ஆரம்பித்துவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், சூடு பட்டதும் சுண்ணாம்பாகப் பிரிந்து காயில்மேல் படிகிறது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் போர் தண்ணீர் 500 என்று வைத்துக்கொள்வோம். தினமும் 80 லிட்டர் ஹீட்டர் வழியே போனால், நாளைக்கு 40 கிராம், வருடத்துக்கு 14 கிலோவுக்கு மேல் சுண்ணாம்புச் சரக்கு அந்தச் சின்ன டேங்க் வழியே கடந்துபோகிறது. அதில் சிறு பங்கு தங்கினாலே போதும்.

போன மாதம் உங்கள் பக்கத்தில்தான் ஒரு ஹீட்டரைத் திறந்தேன். இதுவும் 15 லிட்டர்தான். அடித்தட்டின் போல்ட்டுகளைக் கழற்றியும் தட்டு கீழே வரவில்லை. உள்ளே காயிலோடு சேர்ந்து உப்பு இறுகிப்போயிருந்தது. மெதுவாக ஆட்டி ஆட்டி இறக்கியபோது காயில் முற்றிய முருங்கைக்காய் மாதிரி பருத்து வந்தது. சுண்டுவிரல்கூட இல்லாத காயில் அது. ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினால் முட்டை ஓடு மாதிரி சில்லுச் சில்லாகக் கழன்றது. டேங்குக்குள் கைவிட்டு அள்ளியது அரை வாளி: வெள்ளையும் பழுப்புமாக, உடைந்த கிளிஞ்சல் போல. அந்த வீட்டம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு சில்லை எடுத்து எலுமிச்சைச் சாறு பிழிந்து காட்டினேன், நுரைத்துக்கொண்டு வந்தது. உப்பைச் சுரண்டியபிறகு காயிலின் வளைவில் ஒரு விரிசல் இருந்தது. நகத்தால் தடவினால்தான் தெரியும். கண்ணுக்குச் சட்டென்று படாது.

அந்த உப்புப் போர்வைக்கு அடியில் சிக்கிய தண்ணீர் குமிழியாகக் கொதித்து வெடிப்பதுதான் நீங்கள் கேட்கும் சத்தம். காயிலின் சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் அதற்குள்ளேயே தங்குகிறது. அப்படியே ஓட்டினால் ஒருநாள் வெளிக்குழாய் பிளக்கும். ஆகவே சத்தமும், குழாயில் நீங்கள் உணர்ந்த சுர்ரும் பெரும்பாலும் ஒரே கதையின் முன்பாதியும் பின்பாதியும்தான்.

ஆனால் சூடாகாமல் போவதற்குக் காரணம் பலரும் நினைப்பது இல்லை. "உப்பு மூடிவிட்டதால் காயில் மெதுவாகச் சூடாக்குகிறது" என்று மெக்கானிக்குகளே சொல்வார்கள். மின்சாரக் காயில் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. அது எடுக்கும் கரண்ட் மொத்தமும் கடைசியில் அந்தத் தண்ணீரில்தான் சூடாக இறங்கும். உப்பு காயிலின் ஆயுளைத்தான் குறைக்கும், நேரத்தை அவ்வளவாகக் கூட்டாது. உண்மையில் நடப்பது வேறு. குறித்த சூடு வந்ததும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் செருகியிருக்கும் குழலும் காயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்து உப்பு மூடினால் அந்த இடம் மட்டும் சீக்கிரம் சூடேறும். டேங்க் முழுக்கச் சூடாகிவிட்டது என்று தெர்மோஸ்டாட் ஏமாந்து, பாதியிலேயே கட் பண்ணிவிடும். அதோடு உப்பு அடைத்துக்கொண்ட இடத்துக்குத் தக்கபடி டேங்கில் தண்ணீரும் குறையும்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு கடிகாரம் போதும். காயில் 2000 வாட், டேங்க் 15 லிட்டர், தண்ணீர் 28 டிகிரி, வெட்டும் சூடு 60 டிகிரி என்றால், கணக்குப்படி சுமார் 17 நிமிடத்தில் லைட் அணைய வேண்டும். 25 லிட்டருக்கு 28 நிமிடம். இரவு முழுக்க அணைத்துவைத்த ஹீட்டரைக் காலையில் போட்டு நேரம் பாருங்கள். (உங்கள் வீட்டில் கரண்ட் கசிவைச் சரிசெய்தபிறகுதான், அதற்கு முன் வேண்டாம்.) ஏழெட்டு நிமிடத்திலேயே அணைந்து, தண்ணீரும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் ஏமாறுகிறது. அரைமணி ஆகியும் அணையவில்லை என்றால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள். 230-க்குப் பதில் 190 வந்தால் 2000 வாட் காயில் 1365 வாட்டுக்கு இறங்கிவிடும், 17 நிமிடம் 25 ஆகும். அது ஹீட்டரின் குற்றமே இல்லை. லைட் எரிகிறது, தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருக்கிறது என்றால் காயில் அறுந்துவிட்டது. பல மாடல்களில் காயில் போனாலும் லைட் எரியத்தான் செய்யும்.

கடிகாரம் பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு நம் வீடுகளில் பழைய அளவு ஒன்று இருக்கிறது: விளாவுவது. நல்ல நிலையில் உள்ள 15 லிட்டர் ஹீட்டர், விளாவினால் தாராளமாக இரண்டு வாளி குளிக்கிற பதத்துக்கு வரும். முன்பு அரை வாளி வெந்நீருக்கு அரை வாளி பச்சைத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், இப்போது இரண்டு சொம்புதான் விடுகிறார், அப்புறம் விளாவாமலே குளிக்கிறார் என்றால், ஹீட்டர் இறங்கிக்கொண்டு வருகிறது. முதல் வாளி நன்றாகச் சூடாக வந்து இரண்டாவது சட்டென்று ஆறிப்போனால் வேறு ஒரு சந்தேகமும் உண்டு. டேங்குக்குள் மேல்வரை நீண்டு நிற்கும் வெந்நீர்க் குழாய் அடியில் அரித்து ஓட்டை விழுந்தால், மேலே உள்ள சூட்டுத் தண்ணீரோடு கீழே உள்ள பச்சைத் தண்ணீரும் கலந்து வரும். மிக்ஸர் குழாய் உள்ளே தேய்ந்திருந்தாலும் இதே மாதிரி இருக்கும். புது ஹீட்டருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் மிக்ஸரைப் பார்த்துவிடுவது நல்லது.

வால்வில் சொட்டுவதைப் பற்றி: பயப்பட வேண்டாம், அடைக்கவும் வேண்டாம். தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் 28-லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ 200 மில்லி கூடுகிறது, ஒரு டம்ளர். உள்ளே வரும் பக்கம் திரும்பிப் போகவிடாத வால்வு இருந்தால் அந்த ஒரு டம்ளருக்கும் வெளியேற வழி இதுதான். ஹீட்டர் ஓடும்போது மட்டும் சொட்டி, அணைத்தபிறகு நின்றுவிட்டால் அது தன் வேலையைச் செய்கிறது. ராத்திரி பகல் என்று சொட்டிக்கொண்டே இருந்தால் வால்வின் வாயில் உப்புத் துணுக்கு மாட்டியிருக்கும், இல்லையென்றால் உங்கள் கட்டடத்தின் பிரஷர் பம்பு அழுத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். வால்வை மாற்றுவது சின்னச் செலவு.

தரை ஈரமாகிறது என்று அந்த வால்வின் சின்னக் குழாயை மடித்துக் கம்பி சுற்றிக் கட்டிய ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சில வருடம் ஆயிற்று, இன்றும் மறக்கவில்லை. அந்த ஹீட்டரில் தெர்மோஸ்டாட் அடிக்கடி கட் ஆகிறது என்று, அதற்கு முன் வந்த ஒருவர் அதைத் தாண்டி வயரை நேராகக் காயிலுக்குக் கொடுத்திருந்தார். எங்கள் தொழிலில் இதை "டைரக்ட் பண்ணிட்டேன்" என்பார்கள். நான் போனபோது குழாயில் தண்ணீருக்குப் பதில் ஆவி சீறிக்கொண்டு வந்தது. ஹீட்டரின் வெளி உடம்பு ஒரு பக்கம் வீங்கியிருந்தது. சூட்டைக் கட்டுப்படுத்துவதும் இல்லை, அழுத்தத்தை விடுவதும் இல்லை. டேங்க் பிளந்திருந்தால், அழுத்தத்தில் நூறு டிகிரிக்கு மேல் போன தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகப் பொங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். அந்தக் குளியலறைக்கு அடுத்த அறையில்தான் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். மெயினை அணைத்துவிட்டு, எல்லோரையும் வெளியே வரச் சொல்லி, ஹீட்டர் தானாக ஆறும்வரை காத்திருந்தோம்.

எனவே லைட் அணையவே இல்லை, குழாயைத் திறந்தால் சீறுகிறது, வழக்கத்துக்கு மீறிக் கொதிக்கிறது என்றால் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள். ஆறட்டும். மற்றபடி, சூடு மீறினால் கரண்டை வெட்டும் கட்-அவுட் விழுந்திருந்தால், ஆறியபின் அதன் சின்ன பட்டனை ஒருமுறை அழுத்தி ஓட்டிப் பார்க்கலாம். மறுபடி மறுபடி அது விழுகிறது என்றால் ஏதோ சொல்கிறது. "டைரக்ட் பண்ணிடலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் அவரை அப்போதே அனுப்பிவிடுங்கள். தெர்மோஸ்டாட் விலை ஒன்றும் உயிரை வைத்து மிச்சம் பிடிக்கிற விலை இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சரிசெய்யக்கூடியது. சரிசெய்ய முடியாதது ஒன்றே ஒன்று, டேங்க் ஓட்டை. அதற்கும் முன்னறிவிப்பு உண்டு. டேங்குக்குள் மெக்னீசியம் ராடு ஒன்று இருக்கும். டேங்க் இரும்பை அரிக்க வேண்டிய அரிப்பு முதலில் இதைத் தின்னும். புதிதில் கட்டைவிரல் பருமன். போர் தண்ணீரில் இரண்டு மூன்று வருடத்தில் நடுக்கம்பி மட்டும் மிஞ்சிக் கையோடு வரும். ராடு தீர்ந்தபிறகு அரிப்பு டேங்கில் இறங்குகிறது. இரண்டு வெள்ளை மக் எடுத்து, ஒன்றில் வெந்நீரும் ஒன்றில் பச்சைத் தண்ணீரும் பிடியுங்கள். இரண்டிலும் செந்நிறம் என்றால் உங்கள் போரிலேயே இரும்புச்சத்து. வெந்நீரில் மட்டும் செந்நிறம் என்றால் ராடு முடிந்து டேங்க் ஆரம்பித்துவிட்டது. வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை வாடை வந்தால் அது வேறு. சில நாள் பயன்படுத்தாத டேங்கில் ஒருவகை பாக்டீரியா மெக்னீசியம் ராடோடு சேர்ந்து செய்யும் வேலை. டேங்கைச் சுத்தம் செய்து ராடின் வகையை மாற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

தண்ணீர்க் கசிவு எங்கே என்று பார்க்க, எம்.சி.பி. இறங்கியிருக்கும்போதே ஹீட்டரின் அடியைத் துணியால் ஈரமில்லாமல் துடைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். கனெக்ஷன் ஹோஸில் நனைந்தால் ஹோஸையோ வாஷரையோ மாற்றினால் போதும். அடித்தட்டைச் சுற்றி நனைந்தால் ரப்பர் காஸ்கெட். இணைப்புகள் எல்லாம் காய்ந்திருந்து, வெளிக்கூட்டின் இடுக்கிலிருந்து துருக்கோட்டோடு தண்ணீர் இறங்கினால் டேங்க் போய்விட்டது. வெல்டு வைக்கிறேன், எம்-சீல் போடுகிறேன் என்பதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஹீட்டரை மறைத்து வைத்திருக்கும் வீடுகளில் கசிவு மாதக்கணக்கில் தெரியாது. சீலிங்கில் பழுப்பு வட்டம், சுவரில் பெயின்ட் உப்பல் இவைதான் தெரியும். அங்கே சுவரில் பிடித்திருக்கும் போல்ட்டையும் பாருங்கள். தண்ணீரோடு ஏறத்தாழ 25 கிலோ எடையை அது தாங்கிக்கொண்டிருக்கிறது.

பிளக்கையும் மறக்காதீர்கள். 2000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்தான் வேண்டும், 6 ஆம்பியரில் அடாப்டர் போட்டு ஓட்டக்கூடாது. ஓடி முடித்ததும் சுவிட்சை அணைத்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. சுட்டால், பின் கருத்திருந்தால், மீன் வாடை மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாற்றம் வந்தால், சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

உங்களுடையது கரண்ட் ஹீட்டர்தான், ஆனாலும் இதைப் படிக்கிற வேறு யார் வீட்டிலாவது கேஸ் கீசர் இருக்கும். நீலச் சுவாலை மஞ்சளாகிவிட்டால், மேலே கரி படிந்தால், குளித்து வரும்போது தலைவலியோ கிறுகிறுப்போ இருந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். மூடிய குளியலறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

இனி உங்கள் ஹீட்டர். ஏழு வருடம் என்பதை மட்டும் வைத்து நான் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். அடித்தட்டைக் கழற்றி உப்பை அள்ளி, டார்ச் அடித்து டேங்கின் உள்பூச்சைப் பாருங்கள். பூச்சு வழுவழுவென்று இருந்தால் புதுக் காயில், தெர்மோஸ்டாட், காஸ்கெட், மெக்னீசியம் ராடு நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள். இன்னும் சில வருடம் ஓடும். பூச்சு செதில் செதிலாக வந்து அடியில் துரு தெரிந்தால் அதில் ஒரு ரூபாய்கூடப் போடாமல் புதிது வாங்குங்கள். உப்பைக் கரைக்கிறேன் என்று கழிவறை ஆசிட்டை டேங்குக்குள் ஊற்ற விடாதீர்கள், உப்போடு பூச்சும் காயிலும் சேர்ந்து போகும். எதை வைத்தாலும் சூட்டை 75-ல் வைக்காமல் 55, 60-ல் வைத்தால் உப்பு படிவதும் குறையும், கரண்டும் குறையும். வருடத்துக்கு ஒருமுறை, மார்கழிக் குளிருக்கு முன்னால், திறந்து சுத்தம் செய்யுங்கள்.

வேலை முடிந்து மாட்டியதும் அவசரப்பட்டு சுவிட்ச் போடாதீர்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். முதலில் காற்று புஸ்புஸ்ஸென்று வரும், பிறகு விட்டு விட்டுத் தண்ணீர் வரும். அது ஒரே சீராகக் கொட்டும்வரை காத்திருந்து, குழாயை மூடி, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுகிறதா என்று பார்த்து, அப்புறம் போடுங்கள். தண்ணீர் நிறையாத டேங்கில் புதுக் காயில் சீக்கிரமே கருகிவிடும்.